ஐந்து வருஷக் கெடு

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உள்ளாட்சியைப் பற்றிய பாடம் நடத்துவது மற்ற ஊர்களில் எப்படியோ, எங்கள் பக்கத்து உபாத்தியாயர்களுக்கு அது சற்றுச் சங்கடமான காரியம். என்னிடம் வருகிற பிள்ளைகள் பாகூரைச் சுற்றியுள்ள கிராமங்களைச் சேர்ந்தவர்கள். ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, மதகை எப்போது திறப்பார்கள், கரும்பு வெட்ட ஆட்கள் எங்கிருந்து வருவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. ஆகையால் புஸ்தகத்தில் உள்ள எந்த விஷயத்தையும் ஊரோடு ஒப்பிட்டுப் பார்த்து விடுவார்கள்.

2023-ஆம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள். கிராம சபை, வார்டு உறுப்பினர், பஞ்சாயத்துத் தலைவர், கொம்யூன் பஞ்சாயத்து என்று கரும்பலகையில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிவிட்டுத் திரும்பினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"சார், நம்ம ஊருக்குத் தலைவர் யாரு சார்?"

"இப்போது ஒருவரும் இல்லை."

"முன்னே இருந்தாரா சார்?"

"இருந்தார். 2011-ஆம் வருஷம் வரையில் இருந்தார்."

பையன் விரல் விட்டு எண்ணினான். அவன் பிறந்த சமயத்தில் பதவியை விட்டுப் போனவர் என்று கண்டுபிடித்ததும் வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் முன் வரிசையில் இருந்த ஒரு பெண் சிரிக்கவில்லை. "பஞ்சாயத்துக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை தேர்தல் நடக்கும்னு புஸ்தகத்திலே போட்டிருக்கே, சார். பரீட்சையிலே எதை எழுதறது?" என்று கேட்டாள்.

"புஸ்தகத்தில் இருப்பதையே எழுது, அம்மா, மார்க்குக் கிடைக்கும்" என்று சொல்லி விட்டேன்.

அந்தப் பதில் அன்று இரவு முழுவதும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. இருபது வருஷ காலமாகப் பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லிக் கொடுப்பதாக எண்ணிச் சம்பளம் வாங்குகிறவன், மார்க்குக்கு ஒன்று, வாழ்க்கைக்கு ஒன்று என்று இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளும்படி ஒரு குழந்தைக்குச் சொல்லிவிட்டேனே! அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுத முயல்கிறேன்.

* * *

என் தகப்பனாரிடமிருந்து ஆரம்பிக்கிறேன். அவர் இரண்டு காணி நிலத்தை வைத்துக்கொண்டு பயிரிட்டவர். 1968-ஆம் வருஷம் எங்கள் பிரதேசத்தில் கொம்யூன்களுக்கும் நகரங்களுக்கும் தேர்தல் நடந்தபோது அவருக்கு இருபத்தொரு வயது. அந்த நாளில் வோட்டுரிமை வருவதற்கு அதுவே உரிய வயது. முதன்முதலாகப் போட்ட வோட்டு ஸ்தல சபைக்கு என்பதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. "தில்லிக்குப் போகிறவன் என்னைத் தேடி வரமாட்டான், இவன் நான் போகிற வழியில் குடியிருக்கிறவன்" என்பார்.

அடுத்த ஸ்தல சபைத் தேர்தலில் அவர் வோட்டுப் போட்டது 2006-ஆம் வருஷத்தில். இடையே முப்பத்தெட்டு வருஷம்! 1973-இல் புதுச்சேரிக் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது. 1993-இல் அரசியல் சட்டத்தின் 73-ஆவது, 74-ஆவது திருத்தங்கள் அமலுக்கு வந்தன. ஆனால் தேர்தல் வரவில்லை. நீதிமன்றப் படிகளை ஏறி இறங்கிய பிறகே 2006-இல் அது வந்து சேர்ந்தது. தலைமயிர் கறுத்திருந்தபோது முதல் வோட்டுப் போட்டவர், முழுவதும் வெளுத்த பிறகு, ஐம்பத்தொன்பதாவது வயதில், இரண்டாவது வோட்டைப் போட்டார். அன்று காலை நான் அவருடன் போனேன். இருபதைத் தாண்டிச் சில வருஷங்களே ஆகியிருந்த எனக்கு அது ஒரு சாதாரணத் தேர்தல். அவரோ சலவை வேஷ்டி உடுத்தி, கல்யாணத்துக்குப் போகிறவரைப்போல் நடந்தார்.

அந்தத் தேர்தலில் பெண்களுக்கு ஒதுக்கிய ஒரு வார்டில் என் அண்ணி ஜயித்தாள். அதுவரையில் வாசற்படியில் நின்று பேசுவதற்கே கூச்சப்பட்டவள். நாற்பது பக்க நோட்டுப் புஸ்தகம் ஒன்று வாங்கி, எந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை, எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று தேதி போட்டு எழுதி வைத்தாள். எழுதிய எல்லாம் நடந்துவிட்டன என்று சொல்ல மாட்டேன். பாதிக்கு மேல் நடக்கவில்லை. பணம் போதவில்லை, அதிகாரம் போதவில்லை என்று அவளே அலுத்துக்கொண்டதும் உண்டு. ஆனாலும், விளக்கு எரியாத தெருவில் இருந்த ஒரு கிழவி, இரவு எட்டு மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஏம்மா, உனக்குத்தானே வோட்டுப் போட்டேன்?" என்று உரிமையோடு கேட்டாளே, அந்தக் கேள்வி புதிது. அதைக் கேட்பதற்கு அவள் பஸ் ஏறவேண்டியதில்லை. மனு எழுதித் தரும்படி யாரையும் கெஞ்சவேண்டியதில்லை.

2011 ஜூலை மாதத்தில் பதவிக் காலம் முடிந்தது. அண்ணி நோட்டுப் புஸ்தகத்தை மூடி அலமாரியில் வைத்தாள். நிர்வாகம் உத்தியோகஸ்தர்களிடம் போயிற்று. உத்தியோகஸ்தர்களைக் குறை கூறுவது என் நோக்கமல்ல. அவர்களிலும் நல்லவர்கள் இருக்கிறார்கள், உழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு முறை எங்கள் தெருச் சாக்கடை விஷயமாக ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அங்கே இருந்தவர் மரியாதையாக நாற்காலி கொடுத்து உட்கார வைத்தார். "குறித்துக்கொள்கிறேன்" என்றார். மூன்று மாதம் கழித்துப் போனபோது நாற்காலி இருந்தது. அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். மாற்றலாகிப் போகிறவரிடம், "உனக்குத்தானே வோட்டுப் போட்டேன்?" என்று யார் கேட்க முடியும்?

* * *

இனிச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அரசியல் சட்டத்தின் 243-இ ஷரத்து இந்த விஷயத்தில் சந்தேகத்துக்கே இடம் வைக்கவில்லை. பஞ்சாயத்தின் ஆயுள், அதன் முதற் கூட்டத்துக்குக் குறித்த தேதியிலிருந்து ஐந்து வருஷம். அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை. அந்த ஐந்து வருஷம் தீர்வதற்கு முன்பே அடுத்த தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும். இடையில் பஞ்சாயத்தைக் கலைத்துவிட்டால், கலைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும். நகராட்சிகளுக்கும் இதே விதியை 243-யு ஷரத்து சொல்கிறது. புதுச்சேரியைப் போன்ற யூனியன் பிரதேசங்களுக்கும் இது பொருந்தும்.

எங்கள் ஊர்த் தேர்தல் நடந்த அதே 2006-ஆம் வருஷத்தில், ஆமதாபாத் நகராட்சியைப் பற்றிய வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இந்த விதிக்குத் தெளிவான பொருள் கூறியது. பூகம்பம், வெள்ளம் முதலிய இயற்கை உற்பாதங்களோ, கலகத்தால் ஒழுங்கு குலைவதோ நேர்ந்தாலன்றி ஐந்து வருஷக் கெடுவை மீறலாகாது. வாக்காளர் ஜாபிதாவைத் திருத்த வேண்டும், வார்டு எல்லைகளை வகுக்க வேண்டும் என்பன போன்ற வேலைகளையெல்லாம் தேர்தல் கமிஷன் முன்கூட்டியே செய்து முடித்திருக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இத்தனை தெளிவாகச் சட்டம் இருந்தும் 2011-ஆம் வருஷக் கெடு தாண்டியது. புதிதாக ஒரு சபை உட்கார்ந்திருந்தால் அதன் ஆயுளும் முடிந்திருக்கக்கூடிய 2016-ஆம் வருஷமும் தாண்டியது. வார்டு எல்லைகளை வகுத்துத் தேர்தலை நடத்தும்படி 2018-இல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. 2021 செப்டம்பரில், மூன்று கட்டமாகத் தேர்தல் என்று அறிவிப்பு வெளியாயிற்று. வார்டு ஒதுக்கீட்டில் குறை இருக்கிறதென்று வழக்கு வந்தது; அறிவிப்பு வாபஸ் ஆயிற்று. அக்டோபரில் மறுபடி தேதி குறித்தார்கள். இம்முறை பிற்படுத்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் இருந்த ஒதுக்கீடு நீக்கப்பட்டிருந்தது. அதனால் கிளர்ச்சி எழுந்தது, மறுபடி ஹைக்கோர்ட்டு, மறுபடி தேர்தல் நின்றது.

ஒதுக்கீடு வேண்டும் என்றவர்களின் கட்சி அற்பமானதல்ல. ஊர்ச் சபையில் ஒரு காலத்தில் திண்ணை ஓரத்தில் கூட இடம் பெறாதவர்கள், இன்று நாற்காலியில் இடம் கேட்கிறார்கள்; அது நியாயமே. ஆனால் அந்த நியாயத்துக்கும் ஐந்து வருஷக் கெடுவுக்கும் பகைமை இல்லை. 2022-இல் மத்தியப் பிரதேச வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதையும் தீர்த்துச் சொல்லிற்று. பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்கு வேண்டிய கணக்கெடுப்பை உரிய காலத்தில் செய்து முடிக்க வேண்டும். செய்யவில்லை என்பதைச் சாக்காக வைத்துத் தேர்தலை நிறுத்தக் கூடாது என்று. கணக்கெடுப்பைச் செய்யாமல் இருந்தது பிற்படுத்தப்பட்டவர்களின் குற்றமல்லவே! ஒதுக்கீடும் இல்லாமல், தேர்தலும் இல்லாமல், அவர்கள்தான் இரு வகையிலும் நஷ்டப்பட்டார்கள்.

* * *

இங்கே நேயர்களுக்கு ஒரு சந்தேகம் தோன்றலாம். சட்டசபைக்கும் ஐந்து வருஷம்தானே ஆயுள்? அந்தத் தேர்தல்கள் மட்டும் எப்படித் தவறாமல் நடந்து விடுகின்றன?

இதைப்பற்றி நான் வெகு நாள் யோசித்திருக்கிறேன். எனக்குத் தோன்றிய விடை இது. சட்டசபையின் ஆயுள் முடிந்தால் மந்திரிகளின் நாற்காலியும் அதோடு போய்விடுகிறது. தேர்தலைத் தள்ளிப்போட்டால் ஆளும் கட்சி ஆளாமல் போகும். ஜனாதிபதியின் ஆட்சி வந்துவிடும். ஆகவே, தேர்தலை நடத்துவதில் அங்கே எல்லோருக்கும் அவசரம். பஞ்சாயத்தின் ஆயுள் முடிந்தாலோ, பதவி போவது பஞ்சாயத்து உறுப்பினருக்கு. தேர்தலை நடத்த ஏற்பாடு செய்ய வேண்டிய சர்க்காருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பஞ்சாயத்துச் செய்ய வேண்டிய காரியங்களின் அதிகாரம் மேலே இருப்பவர்களின் கைக்கே திரும்பி வருவதால், லாபம் என்று கூடச் சொல்லலாம். தள்ளிப்போடுகிறவனைச் சுடாத கெடு, கெடுவே அல்ல. எந்தக் கட்சி ஆண்டாலும் இதுவே நடந்திருக்கிறது என்பதால், கோளாறு ஆட்களைவிட அமைப்பில் இருப்பதாகவே நினைக்கிறேன்.

எங்கள் ஊருக்கு மட்டும் உரிய கோளாறும் அல்ல இது. தமிழ்நாட்டில் 1986-க்குப் பின் 1996-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2016 அக்டோபரில் பதவிக் காலம் முடிந்த கிராமப் பஞ்சாயத்துகளில் பெரும்பாலானவற்றுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் வந்தது. நகரங்கள் 2022 பிப்ரவரி வரையில் காத்திருந்தன. இலங்கையில் 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல், பணம் கிடைக்கவில்லை என்ற காரணத்தால் நின்றது. அப்படி நின்றது ஜனங்களின் அடிப்படை உரிமையை மீறியதாகும் என்று அந்நாட்டு உயர்நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2025 மே மாதத்தில் தேர்தல் நடந்தது.

மேலே இருக்கிற சபைகளும் சில சமயம் தங்கள் ஆயுளைத் தாங்களே நீட்டிக்கொண்டதுண்டு. பிரிட்டனில் 1935-இல் தேர்ந்தெடுத்த பார்லிமெண்டு, யுத்தத்தின் காரணமாக 1945 வரையில் நீடித்தது. ஆனால் அதற்கு வருஷந்தோறும் பார்லிமெண்டில் தனிச் சட்டம் கொண்டுவந்து நிறைவேற்ற வேண்டியிருந்தது. நம் நாட்டில் 1971-இல் அமைந்த லோக்சபை, நெருக்கடி நிலையின்போது தன் காலத்தை நீட்டிக்கொண்டு 1977 வரையில் இருந்தது. நெருக்கடி நிலையிலும் ஒரு தடவைக்கு ஒரு வருஷத்துக்கு மேல் நீட்டக்கூடாது, நெருக்கடி நீங்கிய ஆறு மாதத்துக்கு மேல் செல்லாது என்று அரசியல் சட்டம் தளை போட்டிருக்கிறது. பஞ்சாயத்துக்கோ நெருக்கடி நிலையும் வேண்டியிருக்கவில்லை. தனிச் சட்டமும் வேண்டியிருக்கவில்லை. யாரும் ஒன்றும் செய்யாமல் இருந்தாலே போதுமானதாயிற்று.

* * *

வில்லியனூர் என் மாமனார் ஊர். அங்கே திருக்காமீசுவரர் கோயில் தேர்த் திருவிழா எங்கள் பக்கத்தில் பிரசித்தம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்த வழக்கம் உண்டு. சுதந்தரத்துக்குப் பிறகும் துணைநிலை கவர்னர்கள் அதை விடாமல் நடத்தி வந்திருக்கிறார்கள். ஒரு திருவிழாவில், கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நின்ற என் மாமனார், "மாப்பிள்ளை, தேருக்கு நாள் குறித்துவிட்டால் மழை வந்தாலும் இழுத்துவிடுகிறோம். தேர்தலுக்கு மட்டும் நாள் குறிக்கக் குறிக்க நகர்ந்துகொண்டே போகிறதே, ஏன்?" என்று கேட்டார். நான் யோசித்து, "தேர் நின்றால் ஊருக்கு ஆகாது என்று எல்லோரும் பயப்படுகிறோம், மாமா. தேர்தல் நின்றால் ஊருக்கு ஆகாது என்று யாரும் பயப்படவில்லை" என்றேன். அவர் பதில் பேசாமல் வடத்தைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

அந்த வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்ததுதான் கீழூர். 1954-ஆம் வருஷம் அக்டோபர் 18-ஆம் தேதி, பிரெஞ்சிந்தியா இந்தியாவோடு சேர்வதா, வேண்டாமா என்று அந்தச் சிற்றூரில் கூடி வோட்டெடுத்தார்கள். வோட்டுப் போட்டவர்கள் 178 பேர்; 170 பேர் சேர வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் முதல் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அந்த 178 பேர் யார்? சட்டசபை அங்கத்தினர்களும், கொம்யூன் சபைகளின் அங்கத்தினர்களும். பிரெஞ்சுக்காரர் 1880-ஆம் வருஷத்து ஆணையினால் ஏற்படுத்திய அந்தச் சபைகளில் எத்தனையோ ஊழல்கள் நடந்ததுண்டு. தேர்தல்களில் தடியடிக்கும் குறைவில்லை. ஆயினும், நம்மைத் தாய்நாட்டோடு சேர்த்துவைத்த வோட்டு, கிராமத்து ஜனங்கள் தேர்ந்தெடுத்த ஸ்தல சபையாரின் வோட்டு அல்லவா? நாம் எந்த வாசல் வழியாகச் சுதந்தரத்துக்குள் நுழைந்தோமோ, அந்த வாசலையே உள்ளே வந்ததும் தாழிட்டுவிட்டோம் என்பதை நினைக்க எனக்கு வெட்கமாயிருக்கிறது.

* * *

2021 செப்டம்பரில் தேர்தல் அறிவிப்பு வந்தபோது என் தகப்பனாருக்கு எழுபத்து நான்கு வயது. முழங்கால் வலியால் திண்ணையை விட்டு இறங்குவது அபூர்வம். பத்திரிகையைப் படித்துக் காட்டச் சொல்லி இரண்டு முறை கேட்டார். "வண்டி வேண்டாம், பள்ளிக்கூடம் கிட்டத்தில்தானே இருக்கிறது? உன் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வருகிறேன்" என்றார். பெட்டியிலிருந்து சலவை வேஷ்டியை எடுத்து வெளியே வைக்கச் சொன்னார். தேர்தல் நின்றுபோன செய்தியை நான் உடனே சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே கேட்டுத் தெரிந்துகொண்டார். கோபிக்கவில்லை. "சரி, எடுத்து உள்ளே வை" என்று மட்டும் சொன்னார். மறு வருஷம் அவர் காலமானார். அந்த வேஷ்டியைத்தான் அவருக்குப் போர்த்தினோம். எழுபத்தைந்து வருஷம் வாழ்ந்த ஒரு குடியானவன், தன் ஊரை ஆள்வதற்குத் தன் வாழ்நாளில் போட்ட வோட்டு இரண்டு.

உரிமையைப் பறிப்பது என்றால் யாரோ வந்து கையிலிருந்து பிடுங்குவதாக நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அப்படிப் பிடுங்கினால் கூச்சலாவது போடுவோம். "நாளைக்கு, நாளைக்கு" என்று சொல்லி ஒரு மனிதனின் ஆயுளைத் தீர்த்துவிடுவதும் பறிப்பதுதான். அதில் சத்தம் கேட்பதில்லை, அவ்வளவே வித்தியாசம்.

* * *

பிள்ளைகளிடம் நான் பட்ட கடனைத் தீர்க்க வேண்டுமல்லவா? மறுநாள் வகுப்பில் அந்தப் பெண்ணை எழுப்பி, "நேற்று நான் சொன்னது பாதிப் பதில். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை தேர்தல் நடக்க வேண்டும் என்பது சட்டம். நடக்கவில்லை என்பது உண்மை. இரண்டையும் எழுது. மார்க்கு நான் போடுகிறேன்" என்றேன். பிறகு வகுப்புத் தலைவரைத் தேர்ந்தெடுக்கத் தேர்தல் வைத்தோம். பதவிக் காலம் மூன்று மாதம். விதிகளையும் பிள்ளைகளே எழுத வேண்டும் என்றேன்.

பதினோரு விதிகள் எழுதினார்கள். பத்தாவது வரையில் சாதாரணம். பதினோராவது விதி அந்தக் கடைசி வரிசைப் பையனுடையது: "மூன்று மாதம் முடிந்த அன்றைக்கே தலைவர் பதவி போய்விடும். சார் மறுபடி தேர்தல் வைக்கிற வரைக்கும் சாரே கரும்பலகையைத் துடைக்கணும். சாரே நோட்டுப் புஸ்தகங்களைத் தூக்கிக்கொண்டு போகணும்."

அரசியல் சட்டத்தை எழுதிய மகா மேதைகளுக்குத் தோன்றாத ஷரத்து அது. மூன்று மாதம் முடிந்தபோது காலாண்டுப் பரீட்சைத் தாள்களைத் திருத்தும் தொல்லையில் இருந்தேன், தேர்தலை மறந்துவிட்டேன். இரண்டு நாள், நாற்பது நோட்டுப் புஸ்தகங்களை நானே மாடிக்குச் சுமந்தேன். மூன்றாம் நாள் காலையில், முதல் மணி அடித்ததும், தேர்தலை நடத்தி முடித்தேன்.